பெற்றோலில் தண்ணீர் என்று நான் சொன்ன நாள்

யாழ்ப்பாணத்தில் நீங்கள் நடுரோட்டில் மயங்கி விழுந்தால் ஆள் சேரக் கொஞ்ச நேரம் எடுக்கும். ஒரு பழைய காரை ஓரங்கட்டிப் பொனற்றைத் திறந்து பாருங்கள். ஐந்து நிமிடத்தில் பதினொரு பேர் நிற்பார்கள். பதினொரு பேருக்கும் காருக்கு என்ன நோய், என்ன வருத்தம் என்று தெரிந்திருக்கும். ஆளுக்கொரு வருத்தம் சொல்வார்கள்.

காரணம் இருக்கிறது. எங்கள் ஊரில் ஐம்பது வயது தாண்டிய ஆண்கள் அத்தனை பேரும் பெற்றோல் தடைப்பட்டிருந்த சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டியவர்கள். காபரேற்றருக்குள் ஒரு சொட்டுப் பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் செய்து, மிச்சத் தூரத்தைப் புகை கக்கிக்கொண்டே போனவர்கள். பெரிய கெட்டித்தனம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கெட்டித்தனத்தை வைத்துக்கொண்டு இன்றைக்கும் யாருடைய காருக்குள்ளும் கேட்காமல் கையை விடலாம் என்று நினைக்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்காது.

நான் இதை எழுதும்போது என் மனைவி பின்னால் நின்று வாசித்துவிட்டுச் சிரிக்கிறாள். "அந்தப் பதினொரு பேரையும் விட மோசமான ஆள் ஒருத்தர் நிண்டவரெல்லோ, அவரைப் பற்றியும் எழுதுங்கோ" என்கிறாள். எழுதத்தான் போகிறேன். அந்தப் பன்னிரண்டாவது ஆள் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் கம்பசில் பல்கலைக்கழகப் படிப்பை முடித்து, பௌதிகவியல் பட்டத்தோடு வேலை இல்லாமல் இருந்தேன். (வேலை இல்லாத பௌதிகவியல் பட்டதாரிக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் கிடையாது.) கோப்பாயில் ஒரு வீட்டு வளவுக்குள் ஏ-போட்டி என்கிற அந்தக்காலத்து இங்கிலீசுக் கார் ஒன்று கைவிடப்பட்டுக் கிடந்தது. அதன் பின்சீற்றில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. கோழிகளை எழுப்பிவிட்டு, காரை இழுத்து வந்து, ஒன்றரை வருடம் கழற்றிப் பூட்டி, கறுப்புப் பெயின்ற் அடித்து ஓடவைத்தேன். அதன்பிறகு நான் வேறு எதைப் பற்றியும் கதைத்ததாக வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டும் பிளக், கொயில் என்றே சொல்லிக்கொண்டிருப்பேன். "உந்தக் காரைத் தொட்டுக்கொண்டு சோத்தைத் தின்னன்" என்பாள் அக்கா.

அந்த அக்காவுக்குத்தான் கல்யாணம். சும்மா வந்த கல்யாணமில்லை. அவளுக்குச் செவ்வாய் தோஷம். ஆறு வருடமாக அம்மா சாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். பொருந்திய சாதகக்காரர் வெளிநாட்டில் இருந்தார், பக்கத்தில் இருந்தவர்களின் சாதகம் பொருந்தவில்லை. கடைசியில் சுன்னாகத்திலிருந்து அத்தானின் சாதகம் வந்தது. அக்காவும் அத்தானும் இரண்டு தரம் சந்தித்துக் கதைத்தார்கள். இரண்டாம் முறை வீட்டுக்கு வந்த அக்கா காரணமில்லாமல் குசினிக்குள் அடுப்படியில் நின்று பாட்டுப் படித்தாள். ஆறு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் பாடிக் கேட்டேன்.

அத்தான் சுன்னாகத்தில் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கிற மெஷின்களைத் திருத்தும் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர், வாயில் சொல்லே வராது. அப்படிப்பட்டவரை ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் நிற்பாட்டி, இறைக்கிற மெஷின் வேறு, கார் எஞ்சின் வேறு என்று நான் முக்கால் மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். அவர் "ஓமோம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இன்றைக்கு அதை நினைத்தால் காது சுடுகிறது.

எங்கள் வழக்கத்தில் பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைத் தோழன். அவன்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் மாப்பிள்ளையை அழைத்து வரவேண்டும். மண்டப வாசலில் அவருடைய காலைக் கழுவிவிட வேண்டும். அதற்கு மாப்பிள்ளை அவன் விரலில் ஒரு மோதிரம் போட்டுவிடுவார். ஆகவே அழைத்து வருகிற வாகனம் எது என்று தீர்மானிக்கிற உரிமை எனக்கே என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"குளிரூட்டின வான் ஒண்டு பிடியடா. வைகாசி வெய்யில், அந்த மனிசன் தலைப்பாகையோடை அவிஞ்சு போகும்" என்றாள் அக்கா.

"வானுக்கை ஆரும் வருவினம். இது மாப்பிள்ளைக் கார், அக்கா. ஊரே பாக்கும்."

"வழியிலை நிண்டுதெண்டால்?"

"என்ரை கார் நிக்காது."

"நிண்டுதெண்டால் நான் உன்னோடை கதைக்கமாட்டன். சொல்லிப்போட்டன்."

முகூர்த்தம் பதினொன்று நாற்பத்தெட்டிலிருந்து பன்னிரண்டு முப்பத்தாறு வரை. அதை விட்டால் அடுத்த நல்ல நாள் ஆவணியில்தான் என்று சாத்திரியார் சொல்லியிருந்தார். ஐயருக்கு அன்று பின்னேரம் இன்னொரு கல்யாணமும் இருந்தது. சுன்னாகத்திலிருந்து இணுவிலில் இருந்த மண்டபத்துக்கு மூன்று கிலோமீற்றருக்குக் கொஞ்சம் அதிகம். நடந்தாலே முக்கால் மணித்தியாலம். நான் பத்தேகாலுக்குக் காரை எடுப்பதாகத் திட்டம் போட்டேன். இதில் பிழைவிட எங்கே இடம் இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

பிழை விட்ட இடம் முன்பக்கம். காரை நானே சோடித்தேன். மற்றவர்கள் சோடித்தால் இரண்டு மாலையைத் தொங்கவிட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று எனக்கு ஒரு இளக்காரம். காரின் முன்பக்கத்தில், றேடியேற்றருக்கு முன்னால் நீளமான கம்பிகள் இருக்கும். காற்று உள்ளே போவதற்காகத்தான் அவற்றை வைத்திருக்கிறார்கள். நான் அந்தக் கம்பிகள் ஒன்றுகூடத் தெரியாதபடி வாழைநாரில் கட்டிய செவ்வந்தி மாலைகளை இரண்டு அடுக்காக நெருக்கிக் கட்டினேன். அதற்கு மேலே பெரிய சுளகளவு வட்டத்தில் மல்லிகைப்பூவால் ஒரு ஓம். கட்டி முடித்துவிட்டு, சுற்றி நின்ற ஊர்ப் பொடியன்களிடம் "பாருங்கோடா, ஒரு எறும்பு உள்ளுக்கை போகேலாது" என்று பெருமையடித்தேன். எறும்பு போக முடியாத இடத்தால் காற்று எப்படிப் போகும் என்று பௌதிகவியல் பட்டதாரிக்குத் தோன்றவில்லை.

சுன்னாகத்தில் எல்லாம் நன்றாகவே நடந்தது. தேங்காய் உடைத்து, ஆலாத்தி எடுத்து, தலைப்பாகை கட்டிய அத்தானைப் பின்சீற்றில் ஏற்றினார்கள். பக்கத்தில் அவருடைய சித்தப்பா ஏறினார். அத்தானுக்குத் தகப்பன் இல்லாதபடியால் சித்தப்பாதான் அந்தப் பக்கத்துப் பெரிய ஆள். சகுனம், சாத்திரம் எல்லாவற்றிலும் அவர் சொன்னால் சொன்னதுதான். புறப்படுவதற்கு முன்பு சித்தப்பா ஒரு மரியாதைக்காக, தன் வீட்டுக் கொட்டிலில் வைத்திருந்த பிளாஸ்ரிக் கானிலிருந்து ஐந்து லீற்றர் பெற்றோலைக் காருக்கு ஊற்றினார். (பெற்றோல் இல்லாத காலத்தைக் கண்டவர்கள் எப்போதும் ஒரு கானை ஒளித்து வைத்திருப்பார்கள்.) "எங்கடை பங்குக்கும் ஒண்டு இருக்கட்டும் தம்பி" என்றார். இந்த ஐந்து லீற்றரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு மேளம். மேளகாரர் முன்னே வாசித்துக்கொண்டு நடக்க, கார் பின்னால் ஊர்ந்தது. ஒழுங்கையின் முடிவில் இருக்கும் பிள்ளையார் கோயில் வரைக்கும் முப்பத்தைந்து நிமிடம், முதலாவது கியரில், அடித்துக் கொளுத்துகிற வெய்யிலில். தவில்காரர் உற்சாகம் வந்து இடையில் நின்றுவேறு வாசித்தார். தெற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று இன்னும் எழும்பவில்லை, ஒரு இலை அசையவில்லை. சூடு காட்டும் முள் மெல்ல மெல்ல ஏறியதை நான் கண்டேன். கல்யாண நாளில் எல்லோருக்கும் கொஞ்சம் சூடு ஏறத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன்.

மேளகாரர் தங்கள் வானில் ஏறி முன்னால் போய்விட, நாங்கள் காங்கேசன்துறை வீதியில் ஏறினோம். மருதனார்மடத்துக்குக் கொஞ்சம் இப்பால் கார் ஒருதரம் இருமியது, பிறகு இரண்டு தரம். அக்சிலேற்றரை மிதித்தேன். அது மூச்சை இழுத்துவிட்டு நின்றுபோனது. மணி பதினொன்று.

பொனற்றைத் திறந்தேன். முதலில் சொன்னேனே அந்தப் பதினொரு பேர், அவர்கள் எந்த வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தார்களோ தெரியாது.

"பிளக் அடைச்சுப்போச்சுது" என்றார் சாரம் கட்டிய ஒருவர்.

"கொயில் சூடாகினால் உப்பிடித்தான் நிக்கும்" என்றார் குடை பிடித்த மற்றவர்.

"காபரேற்றருக்கை ஊத்தை. நான் உந்தக் காரை மண்ணெண்ணெயிலை வவுனியா மட்டும் ஓடினவன்" என்றார் மூன்றாமவர். வவுனியா வரைக்கும் ஓடினவர் பக்கத்தில் நின்றால் மற்றவர்கள் எப்படிச் சும்மா நிற்பார்கள்? ஒருவர் கொழும்பு வரைக்கும் ஓடியிருந்தார்.

சாரம் கட்டியவர் என்னைக் கேட்காமலே பிளக்குகளைக் கழற்றித் தன்னுடைய சாரத்தின் நுனியால் துடைத்துப் பூட்டினார். திறப்பைத் திருகினேன். என்ன ஆச்சரியம், கார் ஸ்ரார்ட் வந்தது. அவர் இரண்டு கைகளையும் தூக்கி எல்லோரையும் கும்பிட்டார். நான் அவருக்கு நன்றிகூடச் சொன்னேன், அதுதான் இன்றைக்கும் வயிறெரிகிறது. கார் இருநூறு யார் ஓடி, மருதனார்மடம் சந்தை வாசலில் திரும்பவும் நின்றது. பதினொரு பேரும் பின்னாலேயே ஓடி வந்தார்கள். சந்தையில் நின்றவர்களும் சேர்ந்தார்கள்.

இப்போது நான் யாரையும் கிட்ட விடவில்லை. என் கார், நான் கழற்றிப் பூட்டிய கார். எஞ்சினின் பக்கத்தில் பெற்றோலை இழுத்துக் காபரேற்றருக்கு அனுப்புகிற பம்ப் இருக்கும். அதில் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் உண்டு. குனிந்து பார்த்தேன். கிண்ணத்துக்குள் குமிழி குமிழியாகக் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

வெக்கையில் பெற்றோல் பம்புக்குள்ளேயே கொதித்து ஆவியாகிவிட்டால் அப்படித்தான் குமிழி வரும். காபரேற்றருக்குப் பெற்றோல் போகாது, வெறும் ஆவிதான் போகும். சூடு தணிந்தால் கொஞ்சத் தூரம் ஓடும், திரும்பவும் சூடேறினால் நிற்கும். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொதிநிலை பற்றி நான் கம்பசில் ஒரு பாடம் முழுக்கப் படித்து நல்ல புள்ளியும் எடுத்தவன். ஆனால் அன்றைக்கு அந்தக் குமிழியைக் கண்டதும் என் மூளைக்கு எட்டியது ஒன்றே ஒன்றுதான். நிமிர்ந்து நின்று, ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"பெற்றோலிலை தண்ணி!"

கடைசியாகப் பெற்றோல் ஊற்றியவர் யார் என்று நான் யோசித்த அதே நேரத்தில், காரின் பின்கதவு திறந்தது. சித்தப்பா இறங்கினார்.

"என்ன சொன்னனீர்?"

"குமிழி வருகுது சித்தப்பா. உங்கடை கானிலை தண்ணி கலந்திருக்கு."

"என்ரை கானிலை தண்ணியோ? பெற்றோலுக்கு வரிசையிலை நிண்ட காலத்திலையே ஒரு சொட்டுத் தண்ணி கலக்காதவனடா நான்!" அவருடைய நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து ஒழுகியது. "கல்யாணம் முடியமுன்னமே எங்களைக் கள்ளர் எண்டுறியள். முடிஞ்சால் என்ன சொல்லுவியள்? நான் என்ரை பிள்ளையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போறன்!"

அந்த நேரம் பார்த்து அத்தான் ஜன்னலால் தலையை நீட்டினார். தலைப்பாகை சரிந்து ஒரு காதில் கிடந்தது. முகத்தில் வியர்வை ஓடியது.

"தம்பி, முன்னுக்குக் கட்டியிருக்கிற பூவை ஒருக்கா..."

"அத்தான், நீங்கள் இண்டைக்கு மாப்பிள்ளை. பேசாமல் இருங்கோ" என்றேன் நான். அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். ஊரிலே பதினொரு போலி மெக்கானிக்குகள் வெளியே நின்று கத்த, ஒரே ஒரு உண்மை மெக்கானிக் தலைப்பாகையோடு காருக்குள் அவிந்துகொண்டிருந்தார். அவருடைய வாயை அடைத்தவன் நான்.

"ஒரு ஓட்டோ பிடிச்சு மாப்பிள்ளையை அனுப்புங்கோவன்" என்றது யாரோ ஒரு நல்ல மனம். நானும் சரி என்றேன். சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "ஆலாத்தி எடுத்து ஏத்தின மாப்பிள்ளை இடைவழியிலை இறங்குறதோ? அது என்ன சகுனமெண்டு தெரியுமோ உமக்கு?" அப்படியென்றால் வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிப்போவதாகச் சொன்னீர்களே என்று நான் கேட்டேன். திரும்பிப் போவது அதைவிடப் பெரிய அபசகுனம் என்றார். ஆக மாப்பிள்ளை இறங்கவும் கூடாது, போகவும் முடியாது, திரும்பவும் கூடாது. அந்த மனிதர் சந்தை வாசலில் காருக்குள்ளேயே குடியிருக்க வேண்டியதுதான்.

போன் அடித்தது. அக்கா. "எங்கையடா நிக்கிறாய்?" என்று கத்தினாள். "வந்துகொண்டிருக்கிறம்" என்று பொய் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் திரும்பவும் அடித்தாள். இந்த முறை கத்தவில்லை. மெல்லிய குரலில், "தம்பி, ஐயர் மணிக்கூட்டைப் பாக்கிறார்" என்றாள். அவ்வளவுதான். போனை வைத்துவிட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. குசினிக்குள் அவள் பாடிய பாட்டு ஞாபகம் வந்தது. ஆறு வருடம் காத்திருந்தவளை, ஒரு காரைக் காட்ட ஆசைப்பட்டு நான் மணவறையில் தனியே இருக்கவைத்துவிட்டேன். முகத்தைத் துடைத்தேன், கையிலிருந்த எண்ணெய்க் கரி முழுக்க முகத்தில் ஏறியது. யாரும் பார்க்காமல் இருக்கக் காருக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கேயும் மூன்று பேர் நின்று சைலன்சரைப் பற்றிக் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி முன்னால் வந்தபோதுதான் அதைக் கண்டேன். சந்தையில் கழித்துப்போட்ட முட்டைக்கோவா இலைகளைத் தின்று வளர்ந்த ஒரு சிவலைப் பசு, ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து, என் காரின் முன்னால் நின்று, என் மல்லிகை ஓமைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது! கார் நின்றது போதாது, கல்யாணம் குழம்பப்போவது போதாது, இப்போது சோடனையும் போகிறது. கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தேன்.

"கலைக்காதையும்!" என்று சித்தப்பா அதட்டினார். "மாப்பிள்ளைக் காரிலை பசு வந்து வாய் வைக்குது. உதைவிட நல்ல சகுனம் வேறை இருக்கோ? தின்னட்டும்!"

"சோடனை எல்லாம் போகுது சித்தப்பா!"

"தின்னட்டும் எண்டு சொன்னனான்!"

கூட்டமும் அவருடைய பக்கம். கீரைக் கடை அம்மா ஒருவர் வந்து பசுவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "ஆறுதலாத் தின் ராசாத்தி" என்றார். அது ஆறுதலாகத்தான் தின்றது. ஓமை முடித்தது, முதல் அடுக்குச் செவ்வந்தியை முடித்தது. இரண்டாம் அடுக்கைக் கடித்து இழுக்க, நான் அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய வாழைநார் அறுந்து மொத்த மாலையும் அதன் காலடியில் விழுந்தது. அதையும் நின்று முடித்தது. கால் மணித்தியாலத்துக்கு மேல் நான் கைகட்டி நின்று, ஒரு மாடு சாப்பிடுவதை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அதைப்போல ஒரு கையாலாகாத நேரம் இருந்ததில்லை.

பசு கடைசி இதழையும் நக்கிவிட்டு விலகிப் போனது. "இப்ப திருகிப் பாரும்" என்றார் சித்தப்பா, சகுனத்தின் மேலிருந்த நம்பிக்கையில். நான் வேண்டாவெறுப்பாக உள்ளே ஏறித் திறப்பைத் திருகினேன்.

ஸ்ரார்ட் வந்தது. இருநூறு யார் போனது, நிற்கவில்லை. றேடியேற்றருக்குள் நேராகக் காற்று அடிக்க, சூடு காட்டும் முள் இறங்க இறங்க, கார் ஒரு இருமலும் இல்லாமல் இணுவில் மண்டப வாசல் வரை ஓடியது. மணி பதினொன்று ஐம்பத்தைந்து. வழி முழுக்கச் சித்தப்பா பசுவின் மகிமையைச் சொல்லிக்கொண்டு வந்தார். என்னோடு அவர் ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

வாசலில் அத்தானின் காலைக் கழுவக் குனிந்தேன். தண்ணீரை ஊற்றிக் கையால் தேய்த்ததும் அவருடைய காலில் என் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன. அவர் குனிந்து என் கரிபிடித்த விரலில் மோதிரத்தைப் போட்டுக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"றேடியேற்றருக்குக் காத்துப் போக இடம் விடவேணும் தம்பி. பூ முழுக்க அடைச்சுப்போட்டுது. அந்த வெக்கையிலைதான் பெற்றோல் கொதிச்சது. சித்தப்பாவின்ரை பெற்றோல் நல்ல பெற்றோல்."

"தெரிஞ்சால் ஏன் அத்தான் சொல்லேல்லை?"

"நீர்தானே பேசாமல் இருக்கச் சொன்னனீர்."

இப்படி ஒரு பதிலைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வருமா வராதா? நான் ஆயிரம் சொல்வேன், அவர் அதைக் கேட்கலாமா? தன்னுடைய கல்யாணம் குழம்பப்போகிறது என்று கண்ட மனிதர் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்து என் காதைப் பிடித்துத் திருகியிருக்க வேண்டாமா? "நீர் நல்லாப் படிச்ச பிள்ளை. சனத்துக்கு முன்னாலை உம்மைப் பிழையெண்டு காட்டினால் நல்லாயிராது எண்டு பாத்தன்" என்று பிறகொருநாள் சொன்னார். அதைக் கேட்டபிறகு கோபப்படவும் வழியில்லாமல் போய்விட்டது.

ஐயர் மந்திரங்களை ஓட்டமாக ஓட்ட, பன்னிரண்டு முப்பத்துமூன்றுக்குத் தாலி ஏறியது. அக்கா என் கரிமுகத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொன்னபடியே மூன்று நாள் கதைக்கவில்லை. நாலாம் நாள் கல்யாணப் படங்கள் வந்தன. காலில் பதிந்த ஐந்து விரல்களையும், கறுப்புக் கையில் மின்னும் மோதிரத்தையும் கண்டுவிட்டு அவள் சிரிக்கத் தொடங்கினாள். அந்தச் சிரிப்பு இன்னும் முடியவில்லை.

சித்தப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்கவில்லை என்று அவர் சொல்லித் திரிகிறார், அது சுத்தப் பொய். நான் செய்த பிழை, மன்னிப்போடு சேர்த்து, மெதுவாக ஊர்ந்ததும் தவில்காரர் இடையில் நின்றதும்கூடக் காரணம் என்று விஞ்ஞான ரீதியாக விளங்கப்படுத்தியது. அதிலிருந்து ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் அவர் எங்கள் வீட்டுக்கு வரும்போது ஒரு சோடாப் போத்தலில் பெற்றோல் கொண்டு வருவார். அதை வெளிச்சத்தில் பிடித்து, "வடிவாப் பாரும் தம்பி, தண்ணி இருக்கோ?" என்பார். நான் "இல்லை சித்தப்பா" என்று சொல்லும்வரை பொங்கலில் கைவைக்கமாட்டார். வீட்டில் எது நின்றாலும், பிரிட்ஜ் நிற்கட்டும், மோட்டார் நிற்கட்டும், அக்கா என்னைக் கிட்ட விடமாட்டாள். "பசுவைக் கூப்பிடுங்கோ" என்பாள். நான் இப்போது பாடசாலையில் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். கொதிநிலை பாடம் வந்தால் பின்வாங்கில் யாரோ ஒருவன் "ம்மா" என்று கத்துகிறான். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும், அக்காவின் மகன் அதே பாடசாலையில்தான் படிக்கிறான்.

இதெல்லாம் பரவாயில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு என்னுடைய கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக் கார் புதிது, குளிரூட்டியது. காலையிலேயே போய் முன்பக்கத்தைப் பார்த்தேன். ஒரு பூவும் இல்லை. நிம்மதியாகத் தலைப்பாகையைக் கட்டி, ஆலாத்தி எடுத்து, கழுத்தில் மாலையோடு பின்சீற்றில் ஏறி இருந்தேன். பக்கத்தில் அத்தான் ஏறினார்.

கார் நகரவில்லை. வாசல் படலைக்கு முன்னால் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். அவருடைய கையில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஒரு சிவலைப் பசு. நெற்றியில் பொட்டு, கொம்பில் பூ. அந்தப் பழைய பசு கிடைக்கவில்லையாம், பக்கத்து வளவில் அதே நிறத்தில் ஒன்றைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

"வழியிலை கார் நிண்டால் மெக்கானிக் வேணுமெல்லோ!" என்றார். மேளகாரர் வாசிப்பதை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். என்னை அழைத்துப்போக வந்திருந்த என் மனைவியின் வீட்டாரும் சிரித்தார்கள், அதாவது கதை அங்கேயும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஜன்னலை இறக்கினேன். இந்தக் காரில் பெற்றோல் பம்ப் தாங்கிக்குள்ளேயே இருக்கிறது, காபரேற்றரே கிடையாது, அந்த வருத்தம் இதற்கு வரவே வராது என்று ஒழுங்காக விளங்கப்படுத்த வாயைத் திறந்தேன். திறந்த ஜன்னலால் பசு தலையை உள்ளே விட்டு, என் கழுத்து மாலையில் ஒரு வாய் கடித்தது. நான் கத்திக்கொண்டு அதன் மூஞ்சியைத் தள்ளக் கையைத் தூக்கினேன்.

அத்தான் என் கையைப் பிடித்து இறக்கி மடியில் வைத்தார்.

"தம்பி, நீர் இண்டைக்கு மாப்பிள்ளை" என்றார். "பேசாமல் இரும்."